மொட்டையடித்த மல்லி

மழை ஓய்ந்து வாடை அடிக்கத் தொடங்கியதும் குண்டுமல்லிச் செடியை முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிடுவார்கள். வெட்டியது போதாதென்று மிச்சமிருக்கும் இலையையும் உருவிப் போடுவார்கள். “நல்லா இருக்கிற செடிய ஏம்மா இப்படி மொட்டையடிக்கிற?” என்று தெருவில் போகிறவர்கள் கேட்காமல் இருக்க மாட்டார்கள். பங்குனி பிறந்தால் அந்த மொட்டைக் குச்சிகள் மொட்டுக் கட்டிவிடும், சித்திரை வைகாசியில் பறித்து மாளாது. வெட்ட மனமில்லாமல் விட்ட அடுத்த வீட்டுச் செடியோ ஆளுயரம் வளர்ந்து, உச்சியில் நாலு பூ காட்டிவிட்டு நிற்கும்.

பாதிக்கு மேல் இழந்த செடி எப்படி அதிகமாகப் பூக்கிறது? இந்தக் கேள்வி பூ வளர்க்கும் எல்லா ஊருக்கும் பொது. பழவேற்காட்டுக்கு மட்டும் இன்னொரு கேள்வியும் உண்டு. ஒரு பக்கம் ஏரி, மறுபக்கம் வங்கக் கடல். காற்றுக்குப் பஞ்சமே இல்லாத ஊர். ஆனால் கோட்டைக்குப்பத்திலோ நடுவூர் மாதாகுப்பத்திலோ ஒரு வீட்டு வாசலில் அடர்ந்து நிற்கும் மல்லிப் புதரைக் கையால் விலக்கிப் பாருங்கள். உள்ளே இலைகளில் பழுப்புப் புள்ளி, கறுத்த மொட்டு, புழுங்கிய வாடை. வெளியே தலைமுடி கலையும் அளவுக்குக் காற்று அடிக்கிறது. புதருக்குள் ஏன் போகவில்லை?

இரண்டு கேள்விகளுக்கும் அரிவாள்தான் பதில், ஆனால் ஒரே வெட்டு அல்ல. பூவுக்காக வெட்டுவது வேறு, காற்றுக்காக வெட்டுவது வேறு. நம்மில் பெரும்பாலோர் முதலாவதை மட்டும் செய்துவிட்டு வேலை முடிந்தது என்று கைகழுவுகிறோம்.

நுனியின் அதிகாரம்

செடியை வெட்டி ஒழுங்குபடுத்துவதற்குக் கவாத்து என்று பெயர். கவாத்து ஏன் வேலை செய்கிறது என்று புரிய, ஒரு தண்டைக் கையில் பிடித்துப் பார்க்க வேண்டும். மல்லியில் இலைகள் எதிரெதிராக வரும். ஒவ்வொரு இலையும் தண்டோடு சேரும் இடுக்கில், கடுகைவிடச் சிறியதாக ஒரு பச்சைப் புடைப்பு இருக்கும். அது பக்க மொட்டு, அதாவது பிறக்காத ஒரு கிளை. ஒரு தண்டில் இப்படி இருபது முப்பது இருந்தாலும் வளர்வதென்னவோ உச்சி நுனி மட்டும்தான். மற்றவை மாதக்கணக்கில் உறங்கும்.

உறங்க வைப்பது நுனி. அதில் ஆக்சின் என்ற வளர்ச்சிப் பொருள் சுரந்து தண்டு வழியே கீழே இறங்குகிறது. அது இறங்கிக்கொண்டிருக்கும் வரை பக்க மொட்டுகள் தலை தூக்குவதில்லை. இதற்கு நுனி ஆதிக்கம் என்று பெயர். ஆக்சினை முதலில் பிரித்துக் காட்டியவர் ஃபிரிட்ஸ் வெண்ட். நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரில் 1920களில், ஓட்ஸ் நாற்றின் நுனியை வெட்டி அகார் என்னும் கூழ்த் துண்டின் மேல் வைத்தார். பிறகு நுனியை எறிந்துவிட்டு, அந்த அகார் துண்டை மட்டும் மொட்டை நாற்றின் ஒரு ஓரத்தில் வைத்தார். நாற்று மறுபக்கமாக வளைந்து வளர்ந்தது. நுனியிலிருந்து ஏதோ ஒன்று அகாருக்குள் இறங்கியிருக்கிறது என்பது அதிலிருந்து உறுதியானது.

அடுத்த சோதனை கவாத்துக்கு இன்னும் நெருக்கமானது. 1930களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் கென்னத் திமன், ஃபோக் ஸ்கூக் என்ற இருவர் ஓர் அவரைச் செடியின் நுனியைக் கிள்ளினார்கள். பக்க மொட்டுகள் கிளம்பின. இன்னொரு செடியின் நுனியைக் கிள்ளி, அந்த இடத்தில் ஆக்சினைத் தடவினார்கள். மொட்டுகள் உறக்கம் கலையவில்லை. நுனி இல்லாவிட்டாலும் அதன் பொருள் இருந்தால் போதும், ஆதிக்கம் தொடரும்.

கதை இதோடு முடிந்துவிட்டதாகப் பல ஆண்டுகள் பாடப்புத்தகங்கள் எழுதின. ஒரு கணக்கு மட்டும் உதைத்தது. ஆக்சின் தண்டுக்குள் மணிக்குச் சுமார் 1 செ.மீ. வேகத்தில்தான் நகரும். 45 செ.மீ. தண்டின் உச்சியை வெட்டினால், அந்தச் செய்தி அடிமொட்டுக்கு எட்ட ஏறத்தாழ இரண்டு நாள் ஆக வேண்டும். ஆனால் வெட்டிய சில மணி நேரத்திலேயே கீழ் மொட்டுகள் அசையத் தொடங்குகின்றன. ஆஸ்திரேலியாவில் பட்டாணிச் செடிகளை வைத்து ஆராய்ந்தவர்கள் 2014இல் ஒரு விடை சொன்னார்கள். முதல் உசுப்பல் ஆக்சின் குறைவதால் வருவதல்ல, சர்க்கரையால் வருகிறது. வளரும் நுனி பெரிய தீனிக்காரன். இலைகள் சமைக்கும் சர்க்கரையில் பெரும்பங்கை அதுவே இழுத்துக்கொள்ளும். நுனி போனதும் அந்தச் சர்க்கரை பக்க மொட்டுகளுக்குப் பாய்கிறது, அவை விழித்துக்கொள்கின்றன. விழித்தவை தொடர்ந்து வளர ஆக்சின் குறைவதும் தேவைப்படுகிறது.

மல்லிக்கு இதில் என்ன லாபம்? குண்டுமல்லி பழைய கட்டையில் பூக்காது. புதிதாக விடும் தளிரின் முனையில்தான் மொட்டுக் கொத்து வரும், வழக்கமாகக் கொத்துக்கு மூன்று. எத்தனை புதுத் தளிரோ அத்தனை கொத்து.

ஒரு செடியின் கணக்கு

வாசலில் நிற்கும் ஒரு செடியை எடுத்துக்கொள்வோம். அடியிலிருந்து பத்துத் தண்டுகள். வெட்டாமல் விட்டால் பத்து நுனி. முதல் அலையில் கொத்துக்கு மூன்று வீதம் முப்பது மொட்டு.

இப்போது பத்தையும் 45 முதல் 50 செ.மீ. உயரத்தில் வெட்டுகிறோம். வேளாண் துறை சொல்லும் அளவும் இதுதான், ஒன்றரை அடிக்குச் சற்று மேல். ஒவ்வொரு வெட்டுக்கும் கீழே உள்ள கணுவில் எதிரெதிராக இரண்டு மொட்டு. அதற்கும் கீழ்க் கணுவில் இன்னும் இரண்டு. தண்டுக்கு நாலு தளிர் என்று வைத்தால் நாற்பது தளிர், நூற்றிருபது மொட்டு. முப்பது எங்கே, நூற்றிருபது எங்கே!

காகிதத்தில் மட்டும்தான் நூற்றிருபது. செடியில் எண்ணினால் அந்தக் கணக்கு வராது. நாற்பது தளிரும் ஒன்றரை அடி அகலத்துக்குள் நெருக்கியடித்து வளர்கின்றன. பாதி வெளிப்பக்கம் போகும், மீதி உள்பக்கம் திரும்பி ஒன்றோடொன்று பின்னும். மேலே உள்ள இலை தன்மீது விழும் ஒளியில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கைத்தான் கீழே விடுகிறது. அதற்கடுத்த இலையைத் தாண்டினால் நூற்றில் ஒரு பங்கு. உள்ளே இருக்கும் தளிர் சமைப்பதைவிடச் சாப்பிடுவதே அதிகம்.

ஒளி குறைவது மட்டுமல்ல, அதன் நிறமும் மாறுகிறது. இலை சிவப்பு ஒளியை விழுங்கிவிட்டு, கண்ணுக்கு அரிதாகவே தெரியும் கருஞ்சிவப்பு ஒளியைக் கீழே கசியவிடுகிறது. இந்தக் கருஞ்சிவப்பு அதிகமாகப் பட்டால், ‘மேலே யாரோ மறைக்கிறார்கள்’ என்று தளிர் உணர்ந்துகொள்ளும். உடனே பக்கக் கிளையை நிறுத்திவிட்டு, மெலிந்து நீண்டு வெளிச்சத்தைத் தேடி ஓடும். உள்தளிர்கள் வெளுத்த குச்சியாக நீண்டுகிடப்பதற்கு இதுதான் காரணம். உரம் போட்டால் சரியாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். ஆகாது.

ஆக, முதல் வெட்டு நெரிசலை உண்டாக்குகிறது. அதைத் தீர்க்க இரண்டாவது வெட்டு வேண்டும். தளிர்கள் விரல் நீளம் வந்ததும், உள்நோக்கிப் போகிறவற்றையும் ஒன்றின்மேல் ஒன்று உரசுகிறவற்றையும் அடியோடு எடுப்பது. நுனியை மட்டும் கிள்ளினால் அங்கேயும் இரண்டு முளைக்கும், நெரிசல் இரட்டிக்கும். அடியோடு என்றால் கிளை பிறக்கும் இடத்திலேயே. நாற்பதில் பதினைந்தை எடுத்தால் இருபத்தைந்து மிஞ்சும், எழுபத்தைந்து மொட்டு. கேட்க நஷ்டம் மாதிரி இருக்கும். எடுக்காமல் விட்டிருந்தால் அந்தப் பதினைந்தும் பூக்கப் போவதில்லை, மற்றவற்றின் பூவையும் அழுகவைக்கும். எப்படி என்பதைக் காற்று சொல்லும்.

இலைமேல் அசையாத காற்று

புயலே அடித்தாலும் இலையின் தோலைத் தொட்டுக்கொண்டிருக்கும் காற்று அநேகமாக அசைவதில்லை. எந்தப் பரப்பின் மேலும் இப்படி ஒரு மெல்லிய சோம்பேறிப் படலம் உண்டு. 1904இல் ஜெர்மானிய அறிஞர் லுட்விக் பிராண்டல் இதை விளக்கினார். இதை எல்லைப்படலம் என்போம். இலையிலிருந்து ஈரம் வெளியேற வேண்டுமானால் இந்தப் படலத்தை ஊடுருவித்தான் போக வேண்டும். படலம் தடித்தால் உலர்வது தாமதமாகும்.

தடிமனைத் தீர்மானிப்பது காற்றின் வேகம். 5 செ.மீ. நீளமுள்ள மல்லி இலைமேல் விநாடிக்கு 1 மீட்டர் வேகத்தில், அதாவது முகத்தில் இலேசாக உணரும் அளவுக்குக் காற்று போனால், படலம் 1 மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. வேகம் பத்தில் ஒன்றாகக் குறைந்தால் படலம் ஏறக்குறைய 3 மில்லிமீட்டர். அடர்ந்த புதருக்குள் காற்று இப்படித்தான் தேய்ந்துபோகிறது. வெளி இலைகள் ஒவ்வொன்றும் அதன் வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிடுகின்றன. மிஞ்சியது புதரைச் சுற்றிக்கொண்டு மேலேயும் பக்கத்திலும் ஓடிவிடுகிறது. தடை இல்லாத வழி இருக்கும்போது புதருக்குள் நுழைந்து போராட அதற்கென்ன தேவை?

படலம் மூன்று மடங்கு தடித்தால் உலர்தல் மூன்றில் ஒன்றாகக் குறையும். அது மட்டும் என்றால் பரவாயில்லை. உள்ளே இருக்கும் காற்றே ஈரமாக இருக்கிறது. இலைகள் பகலெல்லாம் தம் அடிப்பக்கத்து இலைத்துளைகள் வழியே நீராவியை விட்டுக்கொண்டிருக்கின்றன, அது வெளியேற வழியில்லை. வெளியே ஈரப்பதம் 80 விழுக்காடு, புதருக்குள் 95 விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம். பழவேற்காட்டில் மழைக்காலக் காலையில் இது மிகை இல்லை. வெளிக்காற்று இன்னும் 20 பங்கு ஈரத்தை ஏற்கும், உள்காற்று 5 பங்கைத்தான் ஏற்கும். நாலில் ஒன்று. மூன்றில் ஒன்றின் நாலில் ஒன்று, பன்னிரண்டில் ஒன்று. வெளி இலையில் அரைமணி நேரத்தில் காயும் மழைத்துளி, உள் இலையில் காய ஆறு மணி நேரம். வெயில் படாத உள் இலைக்கு இன்னும் கூட ஆகலாம்.

கருவாடு போடுகிற பெண்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். மீனைக் குவித்து வைத்தால் அழுகும், ஒற்றையாய்ப் பரப்பினால் காயும், பரண்மேல் அடியிலும் காற்றுப் போகிறமாதிரி விரித்தால் இன்னும் சீக்கிரம் காயும். மூன்றிலும் மீன் அதேதான், வெயில் அதேதான்.

ஆறு மணி நேரம் என்பதில் என்ன ஆபத்து? பூஞ்சையின் விதைத்தூள் எங்கும் மிதக்கிறது, அதைத் தடுக்க முடியாது. மல்லியில் இலைப்புள்ளி நோயை உண்டாக்கும் செர்க்கோஸ்போரா போன்ற பூஞ்சைகளின் தூள் இலைமேல் விழுந்தாலும், ஈரப் படலம் பல மணி நேரம் நீடித்தால்தான் முளைவிட்டு இலைத்துளை வழியே நுழைய முடியும். அதற்குள் இலை காய்ந்துவிட்டால் தூள் பெரும்பாலும் செத்துப்போகும். அரைமணிக்கும் ஆறு மணிக்கும் உள்ள வேறுபாடு நோய்க்கும் நோயின்மைக்கும் உள்ள வேறுபாடு.

காற்று எல்லாவற்றுக்கும் மருந்து என்று நினைத்துவிடக் கூடாது. சாம்பல் நோய்ப் பூஞ்சைக்கு இலைமேல் நீர் தேவையில்லை, ஈரக்காற்றே போதும். இலையின் அடியில் வலை பின்னும் சிவப்புச் சிலந்திக்கோ கோடையின் வறண்ட வெப்பம்தான் கொண்டாட்டம். மொட்டைத் துளைக்கும் மொட்டுப்புழு காற்றைப் பொருட்படுத்துவதே இல்லை. திறந்த செடியில் இவை கண்ணுக்குச் சீக்கிரம் தென்படும் என்பது மட்டுமே லாபம்.

கூடாரத்துக்குள் செடி

காற்றே இல்லாத இடத்தில் செடி வளர்ப்பவர்கள் இந்தப் பாடத்தை விலை கொடுத்துக் கற்றவர்கள். நெதர்லாந்தின் கண்ணாடி வீடுகளில் தக்காளிக் கொடியின் அடி இலைகளைத் தொடர்ந்து கழித்துக்கொண்டே வருவார்கள், கூரையில் விசிறிகள் சுழன்றுகொண்டிருக்கும். அங்கே பயம் போட்ரைட்டிஸ் என்னும் சாம்பல் பூசணம். கனடா 2018 அக்டோபரில் கஞ்சாவைச் சட்டபூர்வமாக்கி, வீட்டுக்கு நான்கு செடி வரை அனுமதித்தது. வீட்டறைக்குள் துணிக் கூடாரத்தில் அதை வளர்த்தவர்களுக்கும் அதே பூசணம்தான் எதிரி. நெருங்கிப் பின்னிய பூங்கொத்தின் நடுவிலிருந்து அழுகத் தொடங்கும், வெளியே தெரியும்போது காலம் கடந்திருக்கும். அவர்களும் உள் இலைகளைக் கழிப்பதையும் விசிறியையும்தான் நம்புகிறார்கள். நம் நாட்டில் 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டப்படி உரிமம் இல்லாமல் அந்தச் செடியை வளர்ப்பது குற்றம். மல்லிக்கு அந்தச் சிக்கல் இல்லை, விசிறிக்கும் காசு தர வேண்டாம்.

விசிறிக்கு இன்னொரு வேலையும் உண்டு. காற்றில் ஆடும் செடி குட்டையாகவும் தண்டு தடித்தும் வளரும். தினமும் தண்டைக் கையால் வருடினாலே போதும் என்று மோர்டிகாய் ஜாஃப் 1973இல் காட்டினார். கடலோரத்து மல்லிக்கு இந்தப் பயிற்சி இலவசமாகவே கிடைக்கிறது.

எந்தக் காற்று, எந்தப் பக்கம்

காற்று இலவசம்தான், ஆனால் உப்போடு வருகிறது. ஏரிக்கும் கடலுக்கும் நடுவே மணல்திட்டில் இருக்கும் லைட்ஹவுஸ் குப்பம் போன்ற இடங்களில், அலை உடையும்போது தெறிக்கும் நுண்துளிகளைக் கிழக்கிலிருந்து வீசும் கொண்டல் நேராகக் கொண்டுவந்து இலையில் படியவிடும். இலை ஓரம் கருகும். பூஞ்சைக்குப் பயந்து கடல் பக்கத்தைத் திறந்துவிட்டால் உப்புக்குப் பலியாகும்.

கோடையில் காற்றின் நேர அட்டவணையைக் கவனித்தால் வழி தெரியும். சித்திரை வைகாசியில் காலையில் அடிப்பது மேற்கிலிருந்து வரும் கச்சான், சூடும் வறட்சியும் கொண்டது. நிலம் கடலைவிட வேகமாகச் சூடேறியதும் அதன் மேலிருக்கும் காற்று எழும்ப, அந்த இடத்தை நிரப்பக் கடல்காற்று உள்ளே வரும். கச்சான் பலமாக இருந்தால் கடல்காற்று நண்பகல் தாண்டியும் தாமதமாகும். ராத்திரி ஈரத்தை உலர்த்துவது காலைக் காற்றுதான், அது மேற்கிலிருந்து வருகிறது. ஆகவே திறந்துவிட வேண்டியது மேற்குப் பக்கம். கிழக்குப் பக்கம் வெளித்தளிர்களைக் கொஞ்சம் அடர்த்தியாகவே விடலாம்.

கிழக்கே மறைப்புக் கட்டுவதானால் சுவரைவிடப் பனையோலைத் தட்டி மேல். சுவரில் மோதும் காற்று மேலே ஏறிக் குதித்து, அதன் பின்னால் சுழலாக இறங்கிச் செடியைப் பிய்க்கும். பாதி காற்றைக் கசியவிடும் தட்டி அதன் வேகத்தைத் தணிக்கும், உப்புத்துளியும் ஓலையிலேயே ஒட்டும். கிழிந்த வலையை இரண்டு மூன்று மடிப்பாகக் கட்டினாலும் வேலை செய்யும்.

குப்பங்களுக்கே உரிய இன்னொரு சங்கதி, உரம். மீன் கழிவு கைக்கு எட்டும் தூரத்தில் கிடைப்பதால் அதைத் தாராளமாகச் செடிக்குப் போடுவார்கள். அதில் தழைச்சத்து அதிகம். தழைச்சத்து மிஞ்சினால் இலை பெருத்து, தண்டு கொழுத்து, கஷ்டப்பட்டுத் திறந்துவிட்ட புதர் ஒரே மாதத்தில் மூடிக்கொள்ளும். கவாத்து முடிந்ததும் செடிக்கு 10 கிலோ மக்கிய தொழுவுரம் போதும். மீன் உரம் வேண்டுமென்றால் நன்றாக நீர்த்து, மாதம் ஒரு தடவை.

எப்போது வெட்டுவது

கையேடுகள் நவம்பர் கடைசி வாரம் என்று சொல்லும். மதுரைக்கு அது பொருந்தலாம். பழவேற்காட்டில் வடகிழக்குப் பருவமழை டிசம்பரிலும் கொட்டும், புயலும் அப்போதுதான் வரும். வெட்டுவாய் ஆறுவதற்கு முன் மழை பிடித்தால் அந்தக் காயமே பூஞ்சைக்கு வாசல். எனவே இந்தக் கரையில் நாள்காட்டியைவிட வானத்தைப் பார்ப்பதே சரி என்பது என் கருத்து. மழை விட்டு நாலைந்து நாள் தொடர்ந்து வெயில் அடித்ததும் வெட்டலாம். வெட்டுவதற்குச் சில நாள் முன்பே தண்ணீரை நிறுத்துங்கள். துருப்பிடிக்காத, கூரான கத்தியால் கணுவுக்குச் சற்று மேலே சாய்வாக வெட்டுங்கள், தண்ணீர் வழிந்தோடிவிடும். தடித்த வெட்டுவாயில் பூஞ்சையைத் தடுக்கும் போர்டோ பசை பூசுங்கள். கழித்த இலையைச் செடியடியில் விடாமல் கூட்டி எரித்துவிடுங்கள், பூஞ்சை அதில்தான் காத்திருக்கும். மூன்று நான்கு வாரம் கழித்துத் திரும்பி வந்து, உள்தளிர்களை அடியோடு எடுங்கள். நுழைத்த கை இலையில் உரசாமல் மறுபக்கம் வந்தால் போதிய அளவு திறந்திருக்கிறது என்று அர்த்தம்.

முதல் வெட்டைப் பொங்கலுக்குள் முடித்துவிடுங்கள். அதற்கும் தள்ளினால் பங்குனிப் பூ சித்திரைக்குத் தள்ளிப்போகும்.